எங்கள் கடையில் எதுவும் காணாமல் போகவில்லை

நாய்க்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷனா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மாவை ஊற்றுவேனா, கதை சொல்வேனா? சிலர் தோசை தின்று முடித்தும் எழுந்திருக்காமல் மிச்சக் கதைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் முழுதாகப் படியுங்கள்.

என் பெயர் வசந்தா. குன்னத்திலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் நானும் என் வீட்டுக்காரர் தனபாலும் டிபன் கடை வைத்திருக்கிறோம். மைனா எங்கள் கடை நாய். செவலை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக வந்து ஒதுங்கியவள், பிறகு போகவே இல்லை. கல் சூடு பார்ப்பதற்காக ஊற்றுகிற முதல் தோசை தினமும் அவளுக்குத்தான். அது பிய்ந்தாலும் தீய்ந்தாலும் அவள் குறை சொன்னதில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் வேறு யாரும் எனக்கு அமையவில்லை.

எங்கள் பக்கம் மானாவாரி மக்காச்சோளம்தான் அதிகம். மெஷினில் மணியை உதிர்த்தபின் மிஞ்சுகிற நடுத்தண்டைக் கட்டை என்போம். டிராக்டரில் வாங்கிவந்து கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவித்துவைத்திருப்போம். அடுப்பெரிக்க அதுதான். ஈரக்கையைத் துடைக்கவும், ஆடுகிற பெஞ்சுக்கு அண்டை கொடுக்கவும், தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கவும் அதில் ஒரு துண்டுதான். அது எங்களுக்கு மண் மாதிரி, கண்ணிலேயே படாது.

சோளம் அறுத்து ஓய்ந்த சமயத்தில் ஒருநாள் நான் செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போனேன். கடையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். மலைப்படி ஏறி இறங்கியதில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதனால் மறுநாளும் தோசைக் கல்லடியில் அவரே நின்றார். நான் பரிமாறினேன். முதல் தோசையைக் கொண்டுபோய் மைனா முன்னால் வைத்தேன். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஊற்றிய தோசை அப்படித்தான் இருக்கும் என்று கேலி செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

மதியத்துக்குள் மஞ்சள் தண்ணீராக வாந்தி எடுத்தாள். சாயங்காலம் ஒரு விநோதம் செய்தாள். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையோடு தரையாக வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். தினமும் எங்கள் கடையில் டீ குடிக்கிற கண்டக்டர் முருகேசன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, மைனா சாமி கும்பிடுது. செட்டிகுளம் போயிட்டு வந்தது நீங்களா, அதுவா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அது கும்பிடு இல்லை, வயிற்று வலி என்று பிறகுதான் தெரிந்தது. வயிறு இழுத்துப் பிடிக்கும்போது அப்படி நீட்டிக் கொடுத்தால் கொஞ்சம் வலி விடுமாம். உங்கள் நாய் அப்படி நின்றால் சிரிக்காதீர்கள்.

"எவனோ மருந்து வச்சுட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் நாய் சுருண்டால் முதலில் வருகிற பேச்சு இதுதான். சாப்பிட வந்தவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உப்புத்தண்ணியை ஊற்றினால் விஷமெல்லாம் கக்கிவிடும் என்றார் ஒருவர். புளியைக் கரைக்கச் சொன்னார் இன்னொருவர். எனக்கு யார் சொன்னதும் பிடிக்கவில்லை. என் கொழுந்தன் செந்திலிடம் ஒரு லோடு ஆட்டோ இருக்கிறது. போன் போட்டதும் வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு, காலிச் சாக்குகளை மெத்தையாகப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

குன்னத்தில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் நிதானமான மனிதர். மைனாவின் முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். உடனே படியவில்லை, மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அது அடையாளம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினார். வெளுத்த இடத்தில் மறுபடி சிவப்பு ஏற நேரம் எடுத்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். பிறகு வயிற்றை இரண்டு கையாலும் மெல்லத் தடவினார். வயிறு பலகையாக இறுகியிருந்தது. மைனா கடிக்கவில்லை, என் கையை நக்கினாள். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

"மருந்து வச்சுட்டாங்களா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கு வேற மாதிரி இருக்கும். வாயில எச்சி ஒழுகும், ஒடம்பு வெட்டும். இதுக்கு அதெல்லாம் இல்ல. வயித்து நோவுங்கறது காய்ச்சல் மாதிரிங்க. என்ன காய்ச்சல்னு பாத்தாத்தான வைத்தியம்?"

அவர் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். நாய் பூனைக்கு வயிறு திடீரென்று இப்படிப் பிடித்தால் காரணம் பலதாக இருக்கலாம். குட்டி என்றால் வைரஸ் காய்ச்சல். எண்ணெய்ப் பலகாரம் தின்ற நாய் என்றால் கணையம் வீங்கியிருக்கலாம். பெரிய சாதி நாய்க்கு இரைப்பையே முறுக்கிக்கொள்ளும். கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும். கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் தின்னக்கூடாத எதையாவது விழுங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே சுருண்டு படுத்திருக்கிற ஒரு பிராணிதான். உப்புத்தண்ணியோ புளித்தண்ணியோ ஊற்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் போய் அங்கேயே ஆளை முடித்திருக்கும் என்றார். யார் பேச்சையும் கேட்காத என் குணத்துக்கு முதல் தடவையாக ஒரு பலன் கிடைத்தது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "கடையில ஏதாவது காணாம போயிருக்கா? பந்து, துணி, எலும்பு, அந்த மாதிரி?"

"எங்க கடையில ஒரு ஸ்பூன் போனாக்கூட எனக்குத் தெரியும் சார். ஒண்ணும் காணாம போகல."

அவ்வளவு திமிராகச் சொன்னேன். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

டிரிப்ஸ் ஏற்றி, வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பினார். அன்றைக்குக் கொஞ்சம் தெளிந்தாள். மறுநாள் குடித்த தண்ணீரையும் கக்கினாள். மறுபடி தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் தயங்காமல், இனி எக்ஸ்ரே பார்க்காமல் நான் ஊசி போடமாட்டேன் என்று பெரம்பலூருக்கு எழுதிக் கொடுத்தார்.

பெரம்பலூரில் மைனாவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, நானும் செந்திலும் கால்களைப் பிடித்துக்கொள்ளப் படம் எடுத்தார்கள். எலும்பு இல்லை, கல் இல்லை, காசு இல்லை. ஆனால் குடல் மட்டும் ஒரு பக்கம் காற்றடைத்துப் பருத்திருந்தது. எக்ஸ்ரேயில் இரும்பும் எலும்பும் கல்லும் தெரியும், துணியும் மரமும் மெல்லிய பிளாஸ்டிக்கும் சரியாகத் தெரியாது என்றார் அங்கே இருந்த டாக்டர். ஏதோ அடைத்திருக்கலாம், அடைக்காமல் குடல் வேலை நிறுத்தம் செய்தாலும் இப்படிப் பருக்கலாம். ஸ்கேன் பார்த்தால்தான் சொல்லமுடியும், அதற்கு அரியலூர் போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டார், ஏறவில்லை.

"வசந்தா, வூட்டுக்கே கொண்டு போயிடலாம். அதும் வயசான உசுரு. இப்புடி ஊர் ஊரா இழுத்துக்கிட்டு... அதுபாட்டுக்கு நம்ம எடத்துல நிம்மதியாப் போவட்டும்."

"அது சாவுறதுக்கு எடம் பாக்கவா நான் வந்தேன்? என்ன நோவுன்னே தெரியல. தெரியாத நோவுக்கு எதுக்கு இப்பவே குழி தோண்டுறீங்க? தெரிஞ்சுக்கறேன். அதுக்கப்புறம் அழுவுறேன். ஏறுங்க."

அவர் தோளில் கிடந்த துண்டைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து, மைனாவின் வாயையும் மூக்கையும் துடைத்தார். அரியலூர் வரைக்கும் அந்தத் துண்டை அவள் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். நாயின் மேல் பாசம் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை, அது படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல்தான் சொன்னார் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது.

எவ்வளவு செலவாச்சு என்று கேட்பவர்களுக்கு: ஆச்சு. அதை விட்டுவிடுங்கள்.

அரியலூர் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் வயிறு உப்பிய ஒரு வெள்ளாடும், கவுன் போட்ட ஒரு சடை நாயும் காத்திருந்தன. ரோட்டில் சிமெண்ட் லாரிகள் போகிற ஒவ்வொரு முறையும் ஆடு கத்தியது. கவுன் நாயின் சொந்தக்காரப் பெண், மைனாவைப் பார்த்ததும் எழுந்து, "நீங்க மொதல்ல போங்கக்கா, எங்களுக்கு ஊசிதான்" என்றாள். அந்தக் கவுனைப் பார்த்து மனதுக்குள் சிரித்ததற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது.

டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சு வேகம். ரத்தம் எடுத்தார். வயிற்று முடியை மழித்து, குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் கை நின்றது. திரையில் வில்லை வளைத்த மாதிரி ஒரு வெள்ளைக்கோடு. அதற்குக் கீழே ஒரே இருட்டு.

"பாருங்கம்மா. கெட்டியா ஏதோ இருக்கு. கருவியிலேருந்து போற சத்தம் அதுல முட்டித் திரும்பிடுது. அதான் பின்னாடி நெழல் விழுது. எல்லாம் என் கட்டைவிரலவிடக் கொஞ்சம் பெருசுதான்."

"என்னாங்க மேடம் அது?"

"அதான் தெரியல. எதையாவது முழுங்கியிருக்கலாம். கொடல்லயே கட்டி வளந்து அது கெட்டிப்பட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித் தெரியும். கட்டின்னா, இப்ப இருக்கற பலவீனத்துல ஒடனே கத்தி வைக்க மாட்டேன். ரெண்டு நாளு ஒடம்பத் தேத்திட்டுத்தான் தொறப்பேன். முழுங்கினதுன்னா காத்திருக்கக் கூடாது. அழுத்தி அழுத்திக் கொடலு அழுகிடும். ஏதாவது காணாம போச்சா?"

மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே பதிலைச் சொன்னோம், ஆனால் இந்தத் தடவை திமிர் இல்லாமல். டிரிப்ஸில் வைத்துப் பார்க்கிறேன், காலையில் மறுபடி ஸ்கேன் எடுத்து முடிவு செய்வோம் என்றார். ஆட்டிய மாவு கடையில் பொங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் திரும்பவேண்டும். நான்தான் தங்குவேன் என்று நினைத்திருந்தேன். "நீ போ, நான் இருக்கேன்" என்று என் வீட்டுக்காரர் மைனாவின் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னவர்தான்.

காலையில் அடுப்பை மூட்டினேன். செட்டிகுளம் போய்வந்த பிறகு நான் கல்லடியில் நிற்பது அதுதான் முதல் தடவை. முதல் தோசைக்கு மாவைக் கரண்டியில் எடுத்தபோது, இதை யாருக்கு வைப்பது என்று கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு எண்ணெய்க் கிண்ணத்துக்குள் கையை விட்டு, கட்டையை எடுத்துக் கல்லில் தேய்த்தேன். கை நின்றுவிட்டது.

என் கட்டை மொழுக்கென்று இருக்கும். பல மாதமாகத் தேய்ந்து, எண்ணெய் குடித்துக் கறுத்து, என் விரலுக்கு ஏற்ற குழி விழுந்த கட்டை. கையில் இருந்ததோ சொரசொரவென்று, நீளமாக, புதுசாக இருந்தது. கல்லை அப்படியே விட்டுவிட்டு அரியலூருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, நான் கோயிலுக்குப் போன அன்னிக்கு எண்ணெக் கிண்ணத்துல புதுக்கட்ட போட்டீங்களா?"

"ஆமா. பழசு அங்க இல்ல. பின்னாடிலேருந்து ஒண்ண ஒடிச்சுப் போட்டேன். அதுக்கு என்ன இப்ப?"

"பழசு எங்க?"

ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"கிண்ணத்த எங்க வச்சிருந்தீங்க?"

"கீழ... அடுப்புக்குப் பக்கத்துல, தரையில."

"டாக்டரம்மாகிட்ட போனக் குடுங்க."

மூன்று டாக்டர்களிடமும் நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காணாமல் போனது என்ன என்று கேட்டார்கள். ஆள் உயரத்துக்குக் குவிந்துகிடக்கிற ஒன்றில் ஒரு துண்டு குறைந்தால் அதைக் காணோம் என்று யார் சொல்வார்கள்? என் வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார், கட்டை இல்லை, இன்னொன்றை ஒடித்துப் போட்டார். நான் ஒரு ஸ்பூனுக்குக் கணக்கு வைத்திருந்தேனே தவிர, கட்டை என்பதை ஒரு பொருளாகவே நினைத்ததில்லை. மைனாதான் நினைத்திருக்கிறாள். அவளுக்கு அது பல மாதத் தோசை வாசனை ஊறிய ஒரு துண்டு.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மக்காச்சோளக் கட்டையா?" என்று இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டார். "அது எக்ஸ்ரேல ஏமாத்தும். வயித்துல கரையவே கரையாது. கொடல்ல ஒரு எடத்துல போயி ஆப்பு மாதிரி நின்னுக்கும். இனி நான் காத்திருக்கல. மயக்கம் குடுக்குறதுல ஆபத்து இருக்கும்மா. பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க மேடம்."

அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தேன். சாப்பிட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மாவுக் குண்டானை யாரோ ஈரத்துணியால் மூடினார்கள். முருகேசன் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரி பக்கம் ஸ்டாப்பிங்கே கிடையாது. அங்கே விசிலடித்து பஸ்ஸை நிறுத்தி, "எறங்குங்கக்கா, சாமி கும்புட்டதுன்னு சிரிச்சிட்டேன், மனசு கேக்கல" என்றார்.

ஆபரேஷன் நடக்கிற அறைக்கு வெளியே என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பழச நான் தேடியிருக்கணும் வசந்தா."

"கட்டையக் காணோம்னு எவன் தேடுவான்? தேடியிருந்தா நானே ஒங்களக் கிண்டல் பண்ணியிருப்பேன்."

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் அழுதார். நானும் அழுதேன். எங்களுக்குக் குழந்தை இல்லை போல என்று உங்களில் சிலர் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். இருக்கிறது, மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். நாய்க்காக அழ அதெல்லாம் ஒரு காரணமா? மைனா மைனாவாக இருப்பதே போதும்.

கதவு திறந்தது. டாக்டரம்மா ஒரு தட்டை நீட்டினார். அதில் என் எண்ணெய்க் கட்டை இருந்தது. கறுத்து, வழுவழுப்பாக, என் விரல் குழியோடு. இத்தனைக்கும் பிறகு எண்ணெய் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"கொடல் செவந்து போயிருக்கு, அழுகல. வெட்டி எடுக்க வேண்டிய வேல இல்ல. கீறி எடுத்துட்டுத் தையல் போட்டிருக்கேன். நாளைக்குத் தொறந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். குடல் தையலுக்கு முதல் சில நாட்கள்தான் கண்டம். தையல் கசிந்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவிவிடும். காய்ச்சல் ஏறுகிறதா, வயிறு மறுபடி இறுகுகிறதா, மறுபடி வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நாங்கள் மாறி மாறி இருந்தோம். முதலில் வெறும் டிரிப்ஸ். பிறகு ஒரு மூடி தண்ணீர். பிறகு வடிகட்டிய கஞ்சி. தையலைக் கடிக்காமல் இருக்க கழுத்தில் புனல் மாட்டிய மைனா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு நான்தான் காரணம் என்பது போல முறைத்தாள். முறைக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்.

குடல் வேலை செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அதற்காக நாங்கள் காத்திருந்த மாதிரி எதற்கும் காத்திருந்ததில்லை. காலைக் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் அவர் போன் செய்தார். "வெளிக்குப் போயிட்டா வசந்தா, நல்லாப் போயிட்டா" என்று அங்கே கத்தியது இங்கே கடை முழுக்கக் கேட்டது. பூரி தின்றுகொண்டிருந்தவர்கள் கையை அப்படியே நிறுத்தினார்கள். செந்தில் மட்டும் எழுந்து நின்று கைதட்டினான்.

வீட்டுக்கு அழைத்துவருகிற அன்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இனிமே கட்டையே கெடையாது மேடம். பாதி வெங்காயத்தக் குத்தித்தான் கல்லுல தேய்க்கப்போறேன். எங்கூர்ல வெங்காயத்துக்கா பஞ்சம்?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, வெங்காயம் நாய்க்கு வெஷம். ரத்தத்தையே கெடுத்துடும். அதையும் முழுங்கிட்டு வரப்போறாளா?"

அதனால் மறுபடியும் கட்டைதான். ஆனால் நடுவில் துளை போட்டு, கம்பி கோத்து, பேங்கில் பேனாவைக் கட்டிவைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சங்கிலியில் கட்டி உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் மக்காச்சோளக் கட்டைக்குச் சங்கிலியா என்று கேட்கிறார்கள்.

போன வாரம் ஆண்டிமடத்துக்காரர் ஒருவர், முந்திரி லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிறவர், வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தார். அவரும் கேட்டார். சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அவர் வீட்டு நாயும் முந்தாநாளிலிருந்து வாந்தி எடுக்கிறதாம், ஒன்றும் தின்பதில்லையாம்.

"ஆனா எங்க வூட்டுல எதுவும் காணாம போகலங்க."

"அது வேணாங்க. வூட்டுல இப்ப எது குமிஞ்சு கெடக்கு? அதச் சொல்லுங்க."

"என்ன கெடக்கு... ஊறுகாய்க்கு மாங்கா வெட்டுறாளுவ. தோலு, கொட்டை எல்லாம் கொல்லையில..."

அவர் இலையை மடிக்கக்கூட இல்லை. கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா இருக்கிற இடத்துக்கு வழி கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு அரியலூர் வரச் சொல்லியபடியே வண்டியில் ஏறினார்.

அவருக்காக ஊற்றிய இரண்டாவது தோசை கல்லில் வெந்துகொண்டிருந்தது. இனிமேல் தோசை கொடுக்கலாம் என்று டாக்டரம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். மைனா எழுந்தாள். மழித்த வயிற்றில் முடி அரும்பியிருந்தது. சங்கிலியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தோசையை எடுத்து ஆறவைத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து, அவள் மென்று விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.